உள்ளங்கை அளவில் ஒரு போர்: ரெஸோ காப்ரியாட்ஸேயின் கலை

ஸ்டாலின்கிராட் போர் 1942 ஜூலையில் தொடங்கி 1943 பிப்ரவரி 2 அன்று முடிந்தது. இறந்தவர்கள், காயமுற்றவர்கள், காணாமல் போனவர்கள் என்று இரு தரப்பிலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் கணக்கில் அடங்குவார்கள். அதை நினைவுகூர சோவியத் நாட்டில் பெரும் நாவல்கள் எழுதப்பட்டன; பெரும் பொருட்செலவில் படங்கள் எடுக்கப்பட்டன. இன்று வோல்கோகிராட் என்று அழைக்கப்படும் அந்நகரின் மமாயேவ் மேட்டில், வாளை உயர்த்தி நிற்கும் தாயின் சிலை 85 மீட்டர் உயரம் கொண்டது. 1996-ல் ஜார்ஜியக் கலைஞர் ஒருவர் இதே போரை ஒரு மேசையைவிடச் சற்றே பெரிய மேடையில், மணலையும் தகரத்தையும் கந்தல் துணியையும் வைத்து நிகழ்த்திக் காட்டினார். பெரிய சிலைகளைப் பார்த்துப் பழகியவர்கள் அந்தச் சின்ன மேடையின் முன்னால் அழுதார்கள்.

அவர் ரெஸோ காப்ரியாட்ஸே (1936–2021). திரைக்கதை ஆசிரியர், இயக்குநர், ஓவியர், சிற்பி, எழுத்தாளர், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாவைக் கலைஞர். அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ‘பன்முகக் கலைஞர்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பட்டம் பொருத்தமானதுதான். ஆனால் ஒரே மனிதர் இத்தனை துறைகளிலும் எதைத் தேடினார் என்ற கேள்விக்கு அது விடை தருவதில்லை.

அந்தக் கேள்விக்குப் பொதுவாக மூன்று விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. சோவியத் தணிக்கையின் கண்ணில் படாமல் ஒதுங்க அவர் கண்ட வழி பொம்மை என்பது முதலாவது. பழைய ஜார்ஜிய வாழ்வின் மீதான ஏக்கமே அவர் கலை என்பது இரண்டாவது. கைவந்த கலைகளெல்லாம் இயல்பாகவே ஒன்றிலிருந்து ஒன்றாகப் பெருகின என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு. மூன்றும் சேர்ந்தும் போதவில்லை. அவருடைய திரைக்கதைகளையும் பாவை நாடகங்களையும் சிற்பங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. வரலாறு கணக்கில் எடுத்துக்கொள்ளாத மிகச் சிறிய உயிருக்கு முழுமையான துக்கத்தையும் முழுமையான மரியாதையையும் தருவதை அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தார். எந்த ஊடகத்தைக் கையிலெடுத்தாலும் அளவைக் குறைத்துக்கொண்டே போனதன் காரணம் அதுதான். இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குத்தைசியின் சிறுவன்

காப்ரியாட்ஸே 1936 ஜூன் 29 அன்று மேற்கு ஜார்ஜியாவின் இமெரெத்திப் பகுதியில் உள்ள குத்தைசி நகரில் பிறந்தார். ரியோனி ஆறு நடுவே ஓடும் பழைய ஊர் அது. ஆற்றின் மேலே குன்றில் நின்ற பக்ராத்தி பேராலயம் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. 1692-ல் ஒட்டோமான் படையின் தாக்குதலில் கூரையும் குவிமாடமும் தகர்ந்தன. அந்தச் சிறுவன் வளர்ந்த காலத்தில் அது கூரையில்லாத பாழாகவே நின்றது.

அவருக்கு ஐந்து வயதாகும்போது ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியது. சின்னஞ்சிறு நாடான ஜார்ஜியாவிலிருந்து ஏறத்தாழ 7 லட்சம் பேர் போர்முனைக்குப் போனார்கள். ஏறத்தாழ 3 லட்சம் பேர் திரும்பவில்லை. ஜார்ஜிய மண்ணில் பெரிய சண்டைகள் நடக்கவில்லை. ஆயினும் ஆண்கள் இல்லாத வீடுகள், வராத கடிதத்துக்காகக் காத்திருக்கும் பெண்கள், பசி, போர் முடிந்தபின் வேலைக்குக் கொண்டுவரப்பட்ட ஜெர்மானியப் போர்க்கைதிகள் என்று போர் தன் வேறு முகத்தை அங்கே காட்டியது. அந்த ஆண்டுகளில் பாட்டியின் கிராமத்து வீடு அவருக்கு அடைக்கலமாக இருந்தது. இந்த நினைவுகளை அவர் முதுமையில் தாமே சொல்ல, அவர் வரைந்த படங்களுக்கு அசைவூட்டி மகன் லெவான் காப்ரியாட்ஸே ஓர் ஆவணப்படம் எடுத்தார். போரைப் போர்க்களத்திலிருந்து பார்க்காமல், அது மிச்சம் வைத்துப்போன வீட்டிலிருந்து பார்க்கும் பார்வை எங்கே உருவானது என்பதற்கு அந்தப் படமே சான்று.

திபிலிசி பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தார். செய்தித்தாளில் நிருபராக வேலை பார்த்தார். பிறகு மாஸ்கோவில் திரைக்கதை ஆசிரியர்களுக்கும் இயக்குநர்களுக்குமான உயர்நிலைப் பயிற்சிக்குப் போனார். நிருபர் வேலை அவருக்கு மனிதர்களைக் கொடுத்தது. அவருடைய கதைகளில் வரும் கல்லறைச் சிற்பிகளும் ஊர்ப்புற மருத்துவர்களும் மலை விமானிகளும் தெருவில் பார்த்துப் பழகியவர்களைப்போல இருப்பார்கள்.

திரைக்கதை ஆண்டுகள்

முப்பதுக்கும் மேற்பட்ட படங்களுக்கு அவர் எழுதினார். அவற்றில் ஐந்து படங்களை எடுத்துக்கொண்டாலே, பின்னாளில் பாவை மேடையில் மலர்ந்தவற்றின் விதைகள் தெரிந்துவிடும்.

எல்டார் ஷெங்கெலாயா இயக்கிய ‘அசாதாரணக் கண்காட்சி’ (1968) அகூலி என்ற சிற்பியின் கதை. பெரிய படைப்பொன்றைச் செதுக்க வேண்டுமென்று உயர்தரமான பாரோஸ் பளிங்குக் கல் ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறான். திருமணம், பிள்ளைகள், வீட்டுச் செலவு என்று காலம் ஓடுகிறது. பிழைப்புக்காக ஊர்க்காரர்களின் கல்லறைகளுக்குச் சிலை செய்துகொடுக்கிறான். பளிங்கின் மீது உளி படவே இல்லை. கடைசியில் கல்லறைத் தோட்டத்தில் நடக்கும்போது, தான் சாதாரணம் என்று நினைத்துச் செய்த அத்தனை சிலைகளும் அவனைச் சூழ்ந்து நிற்கின்றன. அவனுடைய கண்காட்சி அதுதான். காப்ரியாட்ஸேயின் முழுக் கொள்கையும் இந்தக் கதையில் அடங்கியிருக்கிறது: செய்யாமல் போன மகத்தான படைப்பைவிட, ஊரில் வாழ்ந்து மறைந்த மனிதர்களின் நினைவுக்காகச் செய்த எளிய வேலை பெரியது.

கியோர்கி தனேலியா இயக்கிய ‘வருந்தாதே!’ (1969), பிரெஞ்சு எழுத்தாளர் குளோத் தில்லியேயின் 19-ஆம் நூற்றாண்டு நாவலை ஜார்ஜியாவுக்குக் கொண்டுவந்தது. வாக்தாங் கிகாபிட்ஸே நடித்த பெஞ்சமின் கடனாளி. ஏழைகளிடம் காசு கேட்கத் தெரியாத மருத்துவன். இந்தப் படத்தில் முதிய மருத்துவர் ஒருவர், தன் இறப்பு நெருங்குவதை அறிந்து, தான் உயிரோடு இருக்கும்போதே தனக்கான இழவு விருந்தை நண்பர்களுக்கு வைக்கிறார். அந்த வேடத்தில் செர்கோ ஸகாரியாட்ஸே நடித்தார். விருந்து மேசையில் வரிசையாகப் பேசி வாழ்த்தும் ஜார்ஜிய மரபு அங்கே மரணத்தை ஏற்றுக்கொள்ளும் சடங்காக மாறுகிறது. சிரிப்பும் அழுகையும் ஒரே மூச்சில் வருகின்றன. இந்தக் கலவையைப் பின்னாளில் அவர் பொம்மைகளிடமிருந்தும் வரவழைத்தார்.

ஷெங்கெலாயாவுக்காக எழுதிய ‘கிறுக்கர்கள்’ (1973), சிறையில் சந்திக்கும் இருவர் காதலின் ஆற்றலால் பறக்கும் ஓர் இயந்திரத்தைக் கட்டுவதைச் சொல்கிறது. தனேலியா, விக்டோரியா தோகரேவா ஆகியோரோடு சேர்ந்து எழுதிய ‘மிமினோ’ (1977), மலைக்கிராமங்களுக்கு ஹெலிகாப்டர் ஓட்டும் ஒருவன் பெரிய ஜெட் விமானம் ஓட்ட ஆசைப்பட்டு மாஸ்கோ போவதையும், ஆசை நிறைவேறியும் ஊரை நினைத்துத் திரும்புவதையும் சொல்கிறது. அது 1977 மாஸ்கோ திரைப்பட விழாவில் தங்கப் பரிசு பெற்றது. தனேலியாவோடு எழுதிய ‘கின்-ட்ஸா-ட்ஸா!’ (1986) வேற்றுக் கிரகமொன்றின் பாலைவனத்தில் நடக்கும் கதை. தீக்குச்சியே அங்கே பெருஞ்செல்வம். கால்சட்டையின் நிறம் மனிதனின் தகுதியை முடிவு செய்கிறது. இரண்டு பூமிவாசிகளில் ஒருவனாக நடித்தவர் மகன் லெவான்.

பறக்கும் இயந்திரமானாலும் தீக்குச்சியானாலும், சின்னப் பொருளுக்கு மாபெரும் கனம் ஏற்றுவது அவர் கைவழக்கம். திரைக்கதையில் அது ஒரு காட்சியாக, ஒரு வசனமாக வந்துபோகும். பாவை மேடையில் அதுவே முழு மொழியானது.

ஏன் பொம்மைகள்?

1981-ல் திபிலிசியின் பழைய நகரில், 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அஞ்சிஸ்காத்தி ஆலயத்துக்கு அருகே, அவர் தமது பாவையரங்கைத் தொடங்கினார். அப்போது வயது 45. திரைக்கதை ஆசிரியராக உச்சத்தில் இருந்தார். அந்த நேரத்தில் ஏன் இந்தத் திருப்பம்?

சோவியத் திரைத்துறையில் ஒரு திரைக்கதை படமாக வேண்டுமானால் படப்பிடிப்பு நிறுவனத்தின் கதைக்குழு, குடியரசின் திரைத்துறை அமைப்பு, மாஸ்கோவின் மையக் குழு எனப் பல வாசல்களைத் தாண்ட வேண்டும். தாண்டிய பிறகும் படம் இயக்குநருடையது. எழுதியவர் ஓரத்தில் நிற்பவர். பொம்மை மேடையில் நிலைமை வேறு. எழுதுவதும் வரைவதும் பொம்மைக்கு முகம் கொடுப்பதும் இயக்குவதும் ஒரே மனிதரின் பொறுப்பில் வந்தன. தணிக்கையாளர்களும் பாவையரங்கைக் குழந்தைகளுக்கான இடமாகவே கருதிவந்தார்கள். ஆகவே முதல் விளக்கம் ஓரளவு சரி.

ஆனால் தணிக்கையிலிருந்து ஒதுங்குவது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அவர் பொம்மைகளை விட்டிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. தணிக்கை முற்றாக மறைந்த பிறகுதான் அவரது மிகப் பெரிய பாவை நாடகங்கள் வந்தன. எனவே காரணத்தைக் கலைக்குள்ளேயே தேட வேண்டும்.

சோவியத் மரபிலும் பெரியவர்களுக்கான பாவை நாடகம் இல்லாமல் இல்லை. செர்கேய் ஒப்ரஸ்த்சோவ் 1931-ல் மாஸ்கோவில் நிறுவிய மத்தியப் பாவையரங்கு, 1946 முதல் நடத்திய ‘அசாதாரணக் கச்சேரி’ வளர்ந்தவர்களுக்கான கேலி நாடகம். ஒப்ரஸ்த்சோவின் பொம்மைகள் மனிதர்களின் பாவனைகளைப் பகடி செய்தன. காப்ரியாட்ஸே அந்தப் பாதையில் போகவில்லை. மனித நடிகர் தாங்க முடியாத துயரத்தைப் பொம்மை தாங்கும் என்று அவர் கண்டார். மேடையில் நடிகர் அழும்போது, அவர் நடிக்கிறார் என்பது பார்வையாளர் மனதின் ஒரு மூலையில் இருந்துகொண்டே இருக்கும். பொம்மையின் முகம் மாறுவதில்லை. தலை ஒரு சிறிது சாய்கிறது, அவ்வளவுதான். அந்த முகத்தில் துயரத்தை எழுதுவது பார்ப்பவரின் மனம். தன் மனம் எழுதியதை யாராலும் சந்தேகிக்க முடியாது.

மேடையின் இலக்கணம்

காப்ரியாட்ஸேயின் அரங்கில் நூறு பேர்கூட உட்கார முடியாது. இது வசதிக் குறைவால் நேர்ந்ததல்ல, கலையின் தேவை. ஒரு சாண் உயரப் பொம்மையின் கை அசைவு கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டுமென்றால் கடைசி வரிசை அருகிலேயே இருந்தாக வேண்டும்.

பாவையாட்டிகள் மறைந்து நிற்பதில்லை. கறுப்புடையில், பொம்மைக்குப் பின்னால், எல்லோரும் பார்க்கவே நிற்கிறார்கள். சில பொம்மைகளைக் கயிற்றில் ஆட்டுகிறார்கள். பலவற்றைத் தலையிலும் கையிலும் பொருத்திய குட்டைக் கம்பிகளைப் பிடித்து நேரடியாகக் கையால் நடத்துகிறார்கள். சில நேரம் இருவரோ மூவரோ சேர்ந்து ஒரே பொம்மைக்கு உயிர் கொடுக்கிறார்கள். சின்ன உருவத்தின் மேல் குனிந்த பெரிய முகங்களில் கவனம் தேங்கியிருக்கும். நோயாளியின் அருகில் குனிந்திருக்கும் உறவினரின் கவனம் அது. ஒரு சிறிய உயிர் நடக்க இத்தனை பேரின் கைகள் வேண்டியிருக்கிறது என்பதே அந்த மேடை சொல்லும் முதல் செய்தி.

குரல்கள் முன்னரே பதிவு செய்யப்பட்டவை. வசனம், ஆலய மணி, ரயிலின் ஊதல், பழைய பாட்டு, வானொலி அறிவிப்பு எல்லாம் ஒலிநாடாவில் பின்னப்பட்டிருக்கும். செய்தித்தாள் நிருபராகவும் திரைக்கதை ஆசிரியராகவும் அவர் பெற்ற பயிற்சி இங்கே பயன்பட்டது. காட்சி சட்டென்று வெட்டி வேறிடம் போகும். பொம்மை தூரத்தில் இருக்கும்போது சிறிய உருவமும் அருகில் வரும்போது பெரிய உருவமும் பயன்படுத்தப்படும். திரைப்படத்தின் படத்தொகுப்பு முறையை அவர் மரத்துக்கும் துணிக்கும் கொண்டுவந்தார். கலைகளெல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பெருகின என்ற மூன்றாவது விளக்கம் இங்கேதான் தடுமாறுகிறது. அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகவில்லை; ஒரே மேடையில் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன.

நாடகங்கள்: காதலும் இழப்பும்

தொடக்க நாடகமான ‘ஆல்ஃபிரெடும் வியோலெட்டாவும்’ (1981), தூமாவின் கதையிலிருந்து வெர்டியின் ஓபராவாக மாறிய அந்தப் பழைய காதலைத் திபிலிசிக்குக் கொண்டுவந்தது. தொடர்ந்து ‘மார்ஷல் தெ ஃபாந்தியேயின் வைரம்’ வந்தது. ‘நம் வசந்தத்தின் இலையுதிர்காலம்’ (1985) என்ற நாடகமே அவரைப் பாவைக் கலையின் உலக வரைபடத்தில் நிறுத்தியது. போர் முடிந்த காலத்துக் குத்தைசி. கணவனை இழந்த தோம்னா. அவளுக்குத் துணையாக இருக்கும் போர்யா என்ற சின்னப் பறவை. போர்யா காதலிக்கிறான், சட்டத்தோடு மோதுகிறான், துன்பப்படுகிறான். குழந்தைப் பருவத்தில் பார்த்த ஊரை முழுக்க ஒரு பறவையின் உயரத்திலிருந்து அவர் மீண்டும் கட்டினார். பாவையரங்கப் பணிக்காக 1989-ல் சோவியத் ஒன்றியத்தின் அரசுப் பரிசு கிடைத்தது.

அதன்பிறகு நாடு உடைந்தது. 1991 ஏப்ரலில் ஜார்ஜியா விடுதலையை அறிவித்தது. அந்த ஆண்டின் இறுதியிலேயே திபிலிசியின் முதன்மைச் சாலையான ருஸ்தாவேலியில் ஜார்ஜியர்கள் ஜார்ஜியர்களைச் சுட்டார்கள். 1992–93-ல் அப்காஸியாவில் போர். மின்சாரமும் ரொட்டியும் இல்லாத குளிர்காலங்கள். காப்ரியாட்ஸே வெளிநாடுகளில் வேலை செய்தார். ஸ்விட்சர்லாந்தின் லோசானிலும் பிரான்சின் ரென்னிலும் நாடகங்கள் உருவாக்கினார். 1990-களின் நடுவில் சிறிது காலம் மாஸ்கோவில் ஒப்ரஸ்த்சோவின் அரங்குக்குக் கலை இயக்குநராக இருந்தார்.

‘ஸ்டாலின்கிராட் போர்’ உருவானது இந்தச் சிதறலின் நடுவில்தான். சொந்த ஊரின் தெருவில் போர் நடந்ததைக் கண்ட தலைமுறையின் கலைஞர், தம் குழந்தைப் பருவத்துப் போரை நோக்கித் திரும்பினார். இந்த நாடகத்தில் தளபதிகளின் வியூகம் முக்கியமல்ல. அல்யோஷா என்ற குதிரை சர்க்கஸ் குதிரையான நதாஷாவைக் காதலிக்கிறது. மணலுக்குள்ளிருந்து தலைக்கவசங்கள் எழுகின்றன. ஜெர்மானியனும் ரஷ்யனும் ஒரே மணலில் புதைகிறார்கள். இறுதியில் பல லட்சம் மனிதச் சாவுகளின் நடுவே ஓர் எறும்புத் தாய் தன் மகளுக்காகப் புலம்புகிறாள்.

இந்த எறும்பைப் பற்றிச் சற்று நின்று யோசிக்க வேண்டும். பல லட்சம் பேர் இறந்த இடத்தில் ஓர் எறும்பின் சாவைப் பேசுவது மனிதச் சாவைச் சிறுமைப்படுத்துவதாகாதா என்று கேட்கலாம். நாடகத்தைப் பார்த்தவர்களின் அனுபவம் வேறு. பெரிய எண்ணைக் கேட்கும்போது மனம் தற்காப்புக்காக மூடிக்கொள்கிறது. ‘பத்து லட்சம்’ என்ற சொல்லுக்காக ஒருவராலும் அழ முடியாது. ஓர் எறும்பின் அழுகைக்கு எதிராக மனத்துக்குத் தற்காப்பு இல்லை. கதவு திறந்ததும், அதன் வழியே மற்ற அத்தனை பேரும் உள்ளே வந்துவிடுகிறார்கள். மிகச் சிறிய உயிருக்கு இரங்கினால் எவருடைய சாவையும் ‘தவிர்க்க முடியாத இழப்பு’ என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த நாடகத்தின் அரசியல் அதுவே. நியூயார்க்கின் லிங்கன் சென்டர் விழா உட்படப் பல நாட்டு மேடைகளில் இது நிகழ்ந்தது. ஸ்டாலின்கிராடோடு உறவில்லாத பார்வையாளர்களையும் அது தொட்டது இதனால்தான்.

மனித நடிகர்களை வைத்துச் செய்தபோதும் அவர் பார்வை மாறவில்லை. 2004-ல் நடனக் கலைஞர் மிகயில் பரிஷ்னிகோவ் நடித்த ‘தடைசெய்யப்பட்ட கிறிஸ்துமஸ்’ நாடகம், ஸ்டாலின் காலத்து ஜார்ஜியாவில் நடக்கிறது. காதலில் ஏமாந்த மாலுமி ஒருவன் தன்னை ஒரு மோட்டார் கார் என்று நம்புகிறான். உலகப் புகழ் பெற்ற அந்தக் கலைஞரின் உடல் அங்கே ஒரு பொருளாக, ஏறத்தாழ ஒரு பொம்மையாக ஆகிறது. இயந்திரமாகிப்போன மனிதனுக்கு மருத்துவர் ஒருவர் பொறுமையாகக் காது கொடுக்கிறார்.

‘ரமோனா’ (2012) எதிர்த்திசையில் போகிறது. அங்கே மனிதன் இயந்திரமாவதில்லை, இயந்திரங்கள் மனிதர்களாகின்றன. ரமோனாவும் எர்மோனும் நீராவி ரயில் இன்ஜின்கள்; காதலர்கள். போருக்குப் பிந்தைய நாட்டைச் சீரமைக்க எர்மோன் தொலைதூரம் அனுப்பப்படுகிறான். சிறிய நிலையத்தில் பெட்டிகளை இழுத்து மாற்றும் ரமோனா காத்திருக்கிறாள். ஊர் ஊராகப் போகும் சர்க்கஸ் ஒன்று வருகிறது. அங்கிருந்து கதை துயரத்தை நோக்கி நகர்கிறது. பல டன் இரும்பு கைக்குள் அடங்கும் பொம்மையாகச் சுருங்கும்போது, தண்டவாளத்தை விட்டு விலக முடியாத அந்த உயிரின் நிலை, ஆணைக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்த ஒரு தலைமுறையின் நிலையாகத் தெரிகிறது.

தெருவில் நிற்பவை

சிற்பத்திலும் அவர் இதையே செய்தார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பேரரசர்களின் குதிரைச் சிலைகளுக்குப் பேர்போன நகரம். அங்கே ஃபோன்தான்கா ஆற்றின் கரைச்சுவரில், தண்ணீருக்கு மேலே சின்னத் திட்டொன்றில், 11 சென்டிமீட்டர் உயரமுள்ள வெண்கலக் குருவி ஒன்றை 1994-ல் நிறுத்தினார். ‘சீஷிக்-பீஷிக்’ என்ற அந்தக் குருவி, அங்கிருந்த சட்டப் பள்ளி மாணவர்களின் பச்சை-மஞ்சள் சீருடையைக் கிண்டல் செய்த பழைய தெருப்பாட்டின் நாயகன். வழிப்போக்கர்கள் மேலிருந்து காசு போடுகிறார்கள். திட்டில் காசு தங்கினால் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை. குருவி பலமுறை திருடுபோயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் நகரம் அதைத் திரும்ப வைத்திருக்கிறது.

அதே நகரில் கோகோலின் ‘மூக்கு’ கதையின் நாயகனான மேஜர் கவல்யோவின் மூக்குக்கு நினைவுச்சின்னம் (1995); ஒதெஸ்ஸாவின் இலக்கிய அருங்காட்சியகத் தோட்டத்தில், எண்ணற்ற யூத நகைச்சுவைக் கதைகளின் நாயகனான ரபினோவிச்சுக்குச் சிறிய சிலை (1995). தளபதிக்கும் பேரரசருக்கும் எழுப்பப்பட வேண்டிய நினைவுச்சின்னத்தின் இலக்கணத்தை அவர் தெருப்பாட்டின் குருவிக்கும் தொலைந்துபோன மூக்குக்கும் வேடிக்கைக் கதை மனிதனுக்கும் கொடுத்தார். கல்லறைச் சிற்பி அகூலியின் வேலையை, இம்முறை நகரங்களின் நடுவில், அவரே செய்தார்.

2010-ல் திபிலிசியின் ஷாவ்தேலி தெருவில் அவரது அரங்கின் பக்கத்தில் எழுந்த மணிக்கூண்டு இந்தப் பணியின் உச்சம். பழைய திபிலிசி வீடுகளிலிருந்து கழித்த பொருள்களையும் அவரே வண்ணம் தீட்டிய ஓடுகளையும் சேர்த்துக் கட்டியது அது. சாய்ந்து விழப்போவதுபோல நிற்கும். ஓர் இரும்புத் தூண் முட்டுக்கொடுத்திருக்கும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு தேவதை கதவைத் திறந்து வந்து சுத்தியலால் மணியடிக்கும். நண்பகலிலும் மாலை ஏழு மணிக்கும் கீழ்ச்சாளரத்தில் பொம்மைகள் சுழன்று வருகின்றன: சந்திப்பு, திருமணம், குழந்தை, இறப்பு. ஒரு முழு மனித வாழ்வு சில நிமிடங்களில் முடிகிறது. வெங்காயம் உரிக்கும்போது வரும் கண்ணீர் தவிர வேறு கண்ணீர் வேண்டாம் என்ற பொருள்படும் லத்தீன் வாசகம் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. உள்நாட்டுப் போரில் காயப்பட்ட பழைய நகரத்துக்கு, அதன் இடிபாடுகளையே கொண்டு ஒரு வாழ்த்தைக் கட்டிக்கொடுத்தார் என்று இதைச் சொல்லலாம்.

எதிர்வாதங்கள்

அவரது கலையின் மீது வைக்கக்கூடிய குறைகளையும் எடைபோட வேண்டும்.

முதலாவது, ஏக்கம். பாட்டியின் வீடு, பழைய திபிலிசி, நீராவி இன்ஜின் என்று எல்லாம் போய்விட்ட உலகம். அந்த உலகத்தைத் தங்கமாக்கிக் காட்டினால் அதன் கொடுமைகள் மறைந்துவிடாதா? இந்த ஐயம் நியாயமானது. ஆனால் அவர் நாடகங்களில் போர்யா தண்டிக்கப்படுகிறான், எர்மோன் அனுப்பப்படுகிறான், கிறிஸ்துமஸ் தடைசெய்யப்படுகிறது. அரசின் கை எப்போதும் மேடைக்கு மேலே இருக்கிறது. அவர் ஏங்கியது அந்தக் காலத்துக்கல்ல. அந்தக் காலம் நசுக்கிய மனிதர்களுக்கு.

இரண்டாவது, பெண்கள். தோம்னா, வியோலெட்டா, ரமோனா எல்லோரும் காத்திருப்பவர்கள், இழப்பவர்கள். செயலின் சுமை பெரும்பாலும் ஆண் பாத்திரங்களுக்கே போகிறது. இது உண்மையான குறை. போர்க்காலத்துக் குத்தைசியின் காத்திருந்த பெண்களைப் பார்த்து வளர்ந்த கண் அது என்று விளக்கலாம். விளக்கம் குறையை முழுதாக நீக்காது. ‘ரமோனா’வில் காத்திருப்பவளே கதையின் நடுப்புள்ளியாகிறாள் என்பது இந்தத் திசையில் அவர் தாமே எடுத்துவைத்த ஓர் அடி.

மூன்றாவது, தொடர்ச்சி. எழுத்து, ஓவியம், பொம்மை, ஒலி எல்லாம் ஒரே மனிதரிடமிருந்து வந்த அரங்கு, அவர் 2021 ஜூன் 6 அன்று மறைந்தபின் என்ன ஆகும்? அவரது நாடகங்கள் திபிலிசியில் தொடர்ந்து நிகழ்கின்றன. பதிவு செய்த குரல்கள் இருக்கின்றன. ஆட்டத்தைக் கற்ற கைகள் இருக்கின்றன. ஒரு தலைமுறைப் பாவையாட்டியிடமிருந்து அடுத்தவர் கைக்குப் போகும்போது ஒரு தலைச் சாய்வின் அளவு மாறலாம். பாவைக் கலை உலகெங்கும் அப்படித்தான் உயிர் வாழ்ந்திருக்கிறது. எழுதிவைத்த ஏட்டைவிடக் கையின் நினைவை அது நம்புகிறது. காப்ரியாட்ஸேயின் மரபும் அந்த வழியிலேயே நிலைக்கும், அல்லது மாறும்.

முடிவாக

தணிக்கை அவரைப் பொம்மைகளின் பக்கம் தள்ளியிருக்கலாம். ஏக்கம் அவருக்குக் கதைகளைக் கொடுத்தது. பல்திறமை கருவிகளைக் கொடுத்தது. இவற்றையெல்லாம் ஒரே திசையில் இழுத்தது அளவைப் பற்றிய அவருடைய நம்பிக்கை. அரசுகள் மனிதர்களைப் பெரிய எண்களில் பார்க்கின்றன. பெரிய எண்ணில் பார்த்தால்தான் போருக்கு அனுப்ப முடியும். அந்தக் கணக்கை எதிர்த்து ஒரு கலைஞர் செய்யக்கூடியது, எண்ணிலிருந்து ஓர் உயிரைப் பிரித்தெடுத்து, அதற்குப் பெயர் வைத்து, காதல் கொடுத்து, முழுத் துக்கமும் அனுசரிப்பது. கல்லறைச் சிற்பி, குருவி, எறும்பு, குதிரை, ரயில் இன்ஜின் என்று அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது இதைத்தான்.

சமகாலக் கலைக்கு இதில் ஒரு தெளிவான பாடம் இருக்கிறது. போர்களின் படங்களும் சாவு எண்ணிக்கையும் ஒவ்வொரு நிமிடமும் நம் கைப்பேசிக்கு வருகின்றன. மேலும் பெரிய திரை, மேலும் உரத்த ஒலி, மேலும் நெருக்கமான இரத்தம் என்பதே அவற்றால் மரத்துப்போன மனத்துக்கு மருந்து என்று பலரும் நம்புகிறார்கள். காப்ரியாட்ஸேயின் வாழ்நாள் பணி அதற்கு எதிரான சான்று. நூறு பேர் அமராத அரங்கில், ஒரு சாண் பொம்மையைச் சுற்றிச் சில மனிதர்கள் முழுக் கவனத்தோடு குனிந்தால் போதும், பார்ப்பவரின் இரக்கம் விழித்துக்கொள்ளும். கலை பெரிதாக வேண்டுமென்றால் முதலில் அது கவனம் கொள்ளக் கற்க வேண்டும். அதை இவ்வளவு பொறுமையாக, இத்தனை ஊடகங்களில் நிறுவிக் காட்டியவர்கள் கடந்த நூற்றாண்டில் மிகச் சிலரே.